மனிதருக்கு எத்தனை புள்ளி?

2025ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. ஜவ்வாது மலையின் மேல் கருமேகம் கவிந்திருந்தது. போளூரில் மழை வருமா வராதா என்று அறிய முடியாத புழுக்கம். என் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்த அந்தத் தந்தை, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என் கையில் தந்தார். 34 ஆண்டுகள் கணக்கு ஆசிரியராகவும் தலைமை ஆசிரியராகவும் பணியாற்றியவன் நான். எண்களைக் கண்டால் முதலில் கூட்டிப் பார்ப்பது என் பழக்கம். வயது 110, படிப்பு 120, ஆங்கிலம் 124, படிப்பும் ஆங்கிலமும் சேர்ந்தமைக்கு 25, பணி அனுபவமும் ஆங்கிலமும் சேர்ந்தமைக்கு 50. ஆக மொத்தம் 429. கூட்டல் சரியாகவே இருந்தது.

"யாருடைய மதிப்பெண் இது?" என்று கேட்டேன்.

"என் பொண்ணுதுங்க ஐயா. கனடாவுக்குப் போறதுக்கு" என்றார்.

அவருடைய மகள் செவிலியர். எங்கள் பள்ளியில் படித்தவள். வேலூரில் ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறாள். கனடாவில் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெறுவதற்காக ஓராண்டாக ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறாள் என்பதை நான் அறிவேன். ஆனால் தந்தை என்னைத் தேடி வந்தது வாழ்த்துப் பெறுவதற்கு அன்று. மகளின் பணி அனுபவம் 2 ஆண்டு 8 மாதம். 3 ஆண்டு நிறைந்தால்தான் அந்தக் கட்டத்தில் 50 புள்ளி, நிறையாவிட்டால் 25. குறைவது 4 மாதம். உள்ளூரில் சிறு மருத்துவமனை நடத்தும் மருத்துவர் ஒருவர் என் பழைய மாணவர். அங்கே அவள் 4 மாதம் பணிபுரிந்ததாக ஒரு சான்றிதழ் வாங்கித் தர வேண்டும். முகவர் சொல்லியனுப்பியிருக்கிறார்.

"முடியாது" என்றேன். அவர் முகம் சுருங்கியது. "ஊர்ல எத்தனையோ பேருக்குச் செஞ்சிருக்கீங்க. எங்களுக்கு நாலு மாசம் பெரிசாப் போச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

அவர் கூறியதில் உண்மை இருந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்தது. பல ஆண்டுகளுக்கு முன், தலைமை ஆசிரியராக இருந்தபோது, வெளிநாடு செல்லவிருந்த ஆசிரியை ஒருவருக்கு, அவர் பணிபுரிந்த காலத்தைவிட ஐந்து மாதம் கூட்டிச் சான்றிதழில் கையொப்பமிட்டேன். பொய் பிடிபடவில்லை; எவரும் என்னைக் கேட்கவில்லை; அவர் நன்றாக வாழ்கிறார். ஆனால் "வாத்தியார் கையெழுத்துப் போடுவார்" என்ற செய்தி மட்டும் ஊரில் தங்கிவிட்டது. 34 ஆண்டுகள் கணக்கில் நேர்மையைப் போதித்தவனைப் பற்றி ஊர் நினைவில் வைத்திருப்பது அந்த ஐந்து மாதத்தை. ஆகவே இக்கட்டுரையில் நான் பிறரைச் சாடும் இடங்களில், அச்சாட்டையின் முதல் அடி என் முதுகில் விழுந்தது என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

புள்ளிமுறையைப் பழிப்பதற்கு முன் அதன் பிறப்பை நினைவுகூர்வது நேர்மை. 1901இல் ஆஸ்திரேலியா ஒரு சட்டம் இயற்றியது. கரையிறங்கும் அயலவரிடம் அதிகாரி ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்கள் கொண்ட பகுதியை வாசிப்பார். வந்தவர் அதைப் பிழையின்றி எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். வெள்ளையரல்லாதவரை வெளியே நிறுத்துவதற்கென்றே வைக்கப்பட்ட தேர்வு அது. 1958 வரை சட்டத்தில் இருந்தது. 1914இல் கோமகாட்டா மாரு என்ற கப்பலில் 376 இந்தியர்கள் கனடாவின் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தார்கள். அவர்களும் பிரித்தானியப் பேரரசின் குடிகளே. ஆயினும் ஏறத்தாழ இரண்டு மாதம் கடலிலேயே நிறுத்தப்பட்டு, மிகப் பெரும்பாலோர் கரை மிதியாமலே திருப்பியனுப்பப்பட்டனர். அதே கனடா 1967இல் புள்ளிமுறையைக் கொண்டுவந்தபோது, 'உன் தோலின் நிறம் என்ன?' என்ற கேள்வியை நீக்கி, 'உனக்கு என்ன தெரியும்?' என்ற கேள்வியை வைத்தது. அன்று அது நீதியின் பக்கம் எடுத்து வைத்த ஓர் அடி என்பதை மறுப்பதற்கில்லை.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் நம் முன்னோர் புறப்பட்ட விதம் தெரியும். 1860 நவம்பரில் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து சென்ற ஒப்பந்தக் கூலிகளை நேட்டாலில் இறக்கியது. பின்வந்த ஆண்டுகளில் நமது பழைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்தும் அப்படிப் போனவர்கள் பலர். அன்று உடம்பை அளந்து ஏற்றினார்கள். கரும்புத் தோட்டத்திற்கு உழைக்கும் உடல் தேவைப்பட்டது. இன்று பட்டத்தையும் வயதையும் அளக்கிறார்கள். மருத்துவமனைக்கும் கணினி நிலையத்திற்கும் பயின்ற கை தேவைப்படுகிறது. இடையில் கண்ணியம் கூடியிருக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் அளப்பவரின் தேவைதான் அன்றும் இன்றும் அளவுகோல்.

இதில் அந்த நாடுகளைக் குறை கூறவும் எனக்கு மனமில்லை. தன் வீட்டிற்கு என்ன வேண்டும் என்று பட்டியல் எழுதிக்கொண்டு சந்தைக்குப் போவது எவருக்கும் உரிமையே. என் வழக்கு வேறு. அவர்களுடைய சந்தைப் பட்டியலை நாம் நம் வீட்டுத் தராசாக மாற்றிக்கொண்டோம் என்பதே என் குற்றச்சாட்டு.

அந்தக் காகிதத்தில் எண்களுக்குக் கீழே வேறொரு கணக்கும் இருந்தது. அங்கே 403 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தது. அந்தப் பெண்ணுக்குச் சிறுவயது முதலே பேசி வைத்திருந்த மாப்பிள்ளை ஒருவர் உண்டு. ஆரணியில் பட்டுத் தறி நெய்பவர். பத்தாம் வகுப்புடன் படிப்பு நின்றது, ஆங்கிலம் தெரியாது. அவரை மணந்து உடன் அழைத்துச் செல்வதானால், கனடாவின் அட்டவணைப்படி வயதுக்குரிய 110 புள்ளி 100 ஆகும். படிப்புக்குரிய 120 புள்ளி 112 ஆகும். ஆங்கிலத்திற்குரிய 124 புள்ளி 116 ஆகும். குறைந்த 26 புள்ளியைக் கணவர் தம் படிப்பாலும் ஆங்கிலத்தாலும் ஈடுசெய்ய வேண்டும். பட்டம் பெற்று ஆங்கிலத்தில் தேர்ந்த மாப்பிள்ளையானால் 28 புள்ளி கொண்டுவருவார். மனைவியின் கணக்கு 431 ஆகும். ஆரணி நெசவாளர் கொண்டுவருவது 0.

பாவின் ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று அறுந்தாலும் விரல் நுனியால் அறிகிற ஒருவர், புட்டாவின் கணக்கை மனத்தில் வைத்து நெய்கிற ஒருவர், தம் சொந்த ஊரில் எவருக்கும் கடன்படாமல் வாழ்கிற ஒருவர், அந்தக் காகிதத்தில் சுழியமாக இருந்தார். கணவர் தம் நாட்டில் எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும் அதை எழுதுவதற்கு அந்த அட்டவணையில் கட்டமே கிடையாது. ஆஸ்திரேலியாவின் கணக்கும் இதற்கு உறவுதான். 2019 நவம்பர் முதல் அங்கே, தேர்ச்சி பெற்ற துணைவரை உடையவருக்கு 10 புள்ளி. மணமாகாதவருக்கும் அதே 10 புள்ளி. போதிய ஆங்கிலம் மட்டும் அறிந்த துணைவரானால் 5. இரண்டும் இல்லாத துணைவரானால் ஒன்றுமில்லை.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு முகவர்கள் தரும் அறிவுரை இரண்டு. ஒன்று, கல்யாணத்தைத் தள்ளிப்போடுங்கள். மற்றொன்று, ஏற்கெனவே மணமாகியிருந்தால் துணைவரை 'உடன் வராதவர்' என்று விண்ணப்பத்தில் எழுதுங்கள். தனியாளின் புள்ளி கிடைக்கும். உடன் வராதவர்! இன்பத்திலும் துன்பத்திலும் உடனிருப்பேன் என்று பீடத்தின்முன் கைபிடித்துக் கூறிய வார்த்தையின் ஈரம் காயுமுன், ஒரு படிவத்தின் கட்டத்தில் இந்தச் சொல். உண்மையிலேயே பிரிந்து சென்று, பிறகு அழைத்துக்கொள்ள வேண்டிய நிலையிலுள்ள குடும்பங்கள் உண்டு. அவர்களை நான் கூறவில்லை. புள்ளிக்காக மட்டுமே அந்தக் கட்டத்தில் குறியிடுகிறவர்கள், தாங்கள் எதை விற்று எதை வாங்குகிறோம் என்று ஓர் இரவு உறங்காமல் எண்ணிப் பார்க்கட்டும்.

முன்பு மாப்பிள்ளை தேடும்போது நட்சத்திரம் கேட்டார்கள், நகை கேட்டார்கள், நிலம் கேட்டார்கள். அந்தத் தீமைகளை எதிர்த்து எத்தனையோ ஆண்டுகளாக எழுதினோம், பேசினோம். இன்று ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண்ணைக் கேட்கிறார்கள். வரதட்சணையைப்போல் இது வெட்கப்பட வேண்டிய கேள்வியாக எவருக்கும் தோன்றவில்லை; அறிவுடைய கேள்வியாகத் தோன்றுகிறது. அதனாலேயே இது அதிக ஆபத்தானது.

இனி, அந்தக் காகிதத்தில் இல்லாத ஒன்றைக் கூறுகிறேன். அந்தப் பெண் பட்டம் பெற்றது 22 வயதில். அவளுக்கு அப்போது 29. இடைப்பட்ட காலம் எங்கே போயிற்று? பட்டம் பெற்ற ஆண்டே தாயைப் பக்கவாதம் வீழ்த்தியது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அவள் தாயின் கட்டிலருகே இருந்தாள். புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பதும், குழாய் வழியே உணவு செலுத்துவதும், இரவில் இரண்டு முறை எழுந்து துணி மாற்றுவதும் அவள் வேலை. எங்கள் தெருவே பார்த்தது. படித்த படிப்பையெல்லாம் அவள் அங்கேதான் செய்து கற்றாள். தாயை அடக்கம் செய்த பிறகே வேலூருக்கு வேலைக்குப் போனாள். அந்த நான்கு ஆண்டுகளுக்கு அட்டவணையில் புள்ளி 0. ஊதியம் இல்லாத உழைப்பு அனுபவம் ஆகாது என்பது விதி. விதி விதிதான், அதை மாற்ற நம்மால் ஆகாது. ஆனால் தந்தையே அந்த நான்கு ஆண்டுகளை ஒன்றுமில்லாதவையாகக் கருதி, அவள் காலே வைக்காத ஒரு மருத்துவமனையில் இல்லாத 4 மாதத்தைத் தேடி அலைந்தாரே, அங்கேதான் என் நெஞ்சு உடைந்தது. மனைவியின் கடைசிக் காலம் அவர் வீட்டிலேயே அவர் கண்முன் நடந்தது. அந்தக் காகிதம் அதையும் அவர் கண்ணிலிருந்து அழித்துவிட்டிருந்தது.

வயதின் கதையும் இப்படியே. நம் வீடுகளில் பிறந்தநாள் என்றால் பெரியவர்கள் தலையில் கைவைத்து, 'நூறாண்டு வாழ்க' என்பார்கள். அந்த அட்டவணையில் 29 வயது வரை 110 புள்ளி. 30இல் 105. 35இல் 77. 40இல் 50. 45இல் ஒன்றுமில்லை. பிள்ளைகள் பிறந்தநாளை அஞ்சும் வீடுகளை நான் பார்த்துவிட்டேன். 45 வயது மனிதருக்கு அனுபவத்தால் வந்த பொறுமை, பொறுப்பு, நிதானம் எல்லாவற்றுக்கும் அங்கே விலையில்லை. ஏனெனில் வாங்குபவர் கணக்கிடுவது இன்னும் எத்தனை ஆண்டு வரி செலுத்துவார் என்பதை. அந்த நாட்டின் நிதியமைச்சருக்கு அது பொருத்தமான கேள்வி. ஒரு தந்தைக்கும் மகளுக்கும் அது பொருத்தமான கேள்வியா?

சரி, இத்தனையும் கொடுத்து வாங்கும் அந்தப் புள்ளியாவது நிலையானதா? 2025ஆம் ஆண்டில் மருத்துவத் துறையினருக்கென்று கனடா நடத்திய தெரிவுகளில் எல்லைக்கோடு 429ஐவிட உயரத்திலேயே நின்றது. பொய்ச் சான்றிதழோடு கூட்டினாலும் கதவு திறந்திருக்காது. அதே ஆண்டு மார்ச்சில் பிரெஞ்சு மொழி அறிந்தவர்களுக்கென நடந்த ஒரு தெரிவில் எல்லைக்கோடு 379க்கு இறங்கியது. உடனே முகவர்கள் பிரெஞ்சு படிக்கச் சொன்னார்கள். வேலை தருவதாக அங்குள்ள முதலாளி எழுதிய கடிதத்திற்குப் பலருக்கு 50 புள்ளியும் உயர் பதவிகளுக்கு 200 புள்ளியும் கிடைத்துவந்தன. 2025 மார்ச் 25 அன்று அதை அடியோடு நீக்கிவிட்டார்கள். அத்தகைய கடிதங்கள் விலைக்கு விற்கப்பட்டன என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணங்களில் ஒன்று. இலட்சக்கணக்கில் கொடுத்து வாங்கியவர்கள் மறுநாள் காலை வெறுங்கையோடு எழுந்தார்கள். ஓரிரவில் ஒரு மனிதரின் மதிப்பு 50 குறையுமா? குறைந்தது அவர் மதிப்பு அன்று, வாங்குபவரின் விருப்பம். அப்படி ஏறி இறங்கும் ஒன்றை வைத்தா நாம் நம் பிள்ளைகளை எடைபோடுவது?

பொய்யின் வலை ஒரு சான்றிதழோடு நிற்பதுமில்லை. குடியேறுபவர் தம் பிழைப்புக்குப் பணம் காட்ட வேண்டும் என்பது விதி. 2025 ஜூலை முதல் தனியாளுக்கு 15,263 கனடா டாலர். நம் பணத்தில் ஒன்பது இலட்சத்திற்கு மேல். அது கடன் வாங்கிய பணமாக இருக்கக்கூடாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. சேயாற்றங்கரையில் ஒன்றரை ஏக்கர் நிலக்கடலை நிலம் வைத்திருப்பவர் அந்தத் தொகைக்கு எங்கே போவார்? நிலத்தை அடகு வைக்கிறார். பணத்தைக் கணக்கில் போட்டு, 'இது என்னுடையது' என்று எழுதித் தருகிறார். வட்டி மாதாமாதம் ஓடுகிறது. பொய் வெளிப்பட்டால், கனடாவின் சட்டப்படி ஐந்து ஆண்டுகள் அந்நாட்டின் வாசலையே மிதிக்க முடியாது. முகவரோ அடுத்த வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுவார். விண்ணப்பத்தில் கையொப்பம் நம் பிள்ளையுடையது.

இவ்வளவும் எழுதிய பிறகு, 'ஆகவே எவரும் போகாதீர்கள்' என்று முடிப்பேன் என எதிர்பார்ப்பவர்கள் ஏமாறட்டும். அப்படி உபதேசிக்கும் மேடைகளையும் நான் அறிவேன். அவற்றின் மீதும் எனக்கு வழக்கு உண்டு.

நம் மலையில் செவிலியருக்கு வேலை இல்லையா? நிறையவே உண்டு. 2023 மே மாதத்தில், வேலூர் மாவட்டம் அணைக்கட்டை அடுத்த அல்லேரி மலையில் பாம்பு தீண்டிய குழந்தை ஒன்று, சாலை வசதியின்மையால் உரிய நேரத்தில் மருத்துவமனை சேர முடியாமல் இறந்தது. பிணக்கூறு முடிந்து திரும்பும் வழியில் ஊர்தி பாதியில் நின்றுவிட, பெற்ற தாய் அந்த உடலைக் கையிலேந்தி மலையேறினாள். நாடே படித்துக் கண்ணீர்விட்டது. ஆனால் இதைக் காட்டி, 'பார், நீ போகலாமா?' என்று 29 வயதுப் பெண்ணைக் கேட்பவர்களிடம் நான் ஒன்று கேட்கிறேன். 2015இல் தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதித் தேறிய செவிலியர்களை 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் பணியமர்த்தினோமே, 2017 நவம்பரில் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் தெருவில் அமர்ந்தபோது நாம் எங்கே இருந்தோம்? நம்முடைய சொந்த நிறுவனங்களில் செவிலியருக்கும் ஆசிரியருக்கும் என்ன ஊதியம் தருகிறோம் என்பதை நெஞ்சில் கைவைத்துச் சொல்வோமா? 'சேவை' என்ற சொல்லால் ஊதியத்தைக் குறைப்பவர்களுக்கு, 'துரோகம்' என்ற சொல்லால் போகிறவர்களைத் தடுக்க உரிமையில்லை.

போக வேண்டியவர் போகவும், இருக்க விரும்புபவர் இருக்கவும் வழி வேண்டும். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் உழைப்பைக் குறித்து எழுதிய சுற்றுமடலில், நாடுவிட்டுப் போகும் உரிமையை ஏற்றுக்கொண்டே, அப்படிப் போவதால் பிறந்த நாட்டிற்கு ஏற்படும் இழப்பையும் மறைக்காமல் கூறினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2023இல் புலம்பெயர்ந்தோர் நாளுக்கென எழுதிய செய்தியின் கருவும் இதுவே: போவதானாலும் இருப்பதானாலும் அது உரிமையோடு எடுத்த முடிவாக இருக்க வேண்டும். அடகு நிலத்தின் வட்டி துரத்தப் போவது உரிமை அன்று. 7,700 ரூபாயில் முடங்கிக் கிடப்பதும் உரிமை அன்று.

இதே மலையிலிருந்து புறப்படும் வேறொரு கூட்டமும் உண்டு. அவர்களுக்கு எந்த அட்டவணையும் இல்லை. சாமை விளைச்சலும் புளியும் தேனும் ஆண்டு முழுவதும் சோறு போடாத வீடுகளிலிருந்து, இடைத்தரகர் பேச்சை நம்பி வண்டியேறுகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல் படையினர் சுட்டதில் 20 பேர் மாண்டனர். மாண்டோரில் பலர் நம் திருவண்ணாமலை மாவட்டத்தினர்; ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தனர். அவர்களுடைய வயதை எவரும் கணக்கிடவில்லை. அவர்கள் அறிந்த மலையின் வழிகளையும் மரங்களையும் மூலிகைகளையும் எவரும் அனுபவம் என்று எழுதவில்லை. எண்ணப்பட்டது இறந்த பிறகு, 20 என்று. புள்ளிக் காகிதத்தை மனிதரின் மதிப்பாக ஏற்றுக்கொண்டவர், இந்த மக்களுக்கு மதிப்பில்லை என்பதையும் ஏற்றுக்கொண்டவராகிறார். அதனால்தான் அந்தக் காகிதம் நம் வீட்டுச் சுவரில் ஒட்டப்படுவதை நான் இத்தனை கோபத்தோடு எதிர்க்கிறேன்.

எனவே, ஆயத்தம் செய்யும் இளையோருக்குச் சில சொற்கள். ஆங்கிலத்தை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் மதிப்பெண்ணுக்காக மட்டும் கற்காதீர்கள். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் இங்கே வந்து தமிழைக் கற்றது எவரும் தேர்வு வைத்ததால் அன்று. எவர் நடுவே வாழ வந்தாரோ அவர்களோடு பேசுவதற்காகக் கற்றார். கற்ற அந்தத் தமிழுக்கு 1732இல் சதுரகராதியைத் தந்தார். நீங்கள் நாளை அங்கே ஒரு முதியவரின் படுக்கையருகே நிற்கப்போகிறீர்கள்; அவர் வலியைக் கேட்டுப் புரிந்துகொள்வதற்காகக் கற்றுக்கொள்ளுங்கள். புள்ளி அதன் பின்னே வரும். விண்ணப்பத்தில் உண்மையை மட்டுமே எழுதுங்கள். கூலி வாங்கிக்கொண்டு ஆலோசனை தர அந்நாட்டுச் சட்டப்படி உரிமம் பெற்றவரா என்று கேளாமல் எவரிடமும் பணம் தராதீர்கள். நிலத்தின் பத்திரத்தை வெளியே எடுக்குமுன், வயதான பெற்றோரோடு உட்கார்ந்து, அவர்களுக்கு என்ன நேரும் என்பதையும் பேசுங்கள். பெற்றோரை அழைத்துக்கொள்ளும் திட்டத்தில் 2020இல் பெயர் கொடுத்தவர்களிலிருந்தே 2025லும் கனடா அழைப்பு அனுப்பியது. 'பிறகு கூட்டிக்கொள்வேன்' என்பது ஆறுதல் மொழி. உறுதிமொழியாக அதைத் தராதீர்கள்.

பெற்றோருக்கு ஒரே ஒரு சொல். உங்கள் பிள்ளையை வேறொருவர் எந்த எண்ணால் அழைத்தாலும், நீங்கள் பெயர் சொல்லி அழையுங்கள்.

இனி, அந்தக் காகிதத்தின் கதையை முடிக்க வேண்டும். தந்தை கோபித்துச் சென்ற மூன்றாம் நாள் மகள் வந்தாள். அவளுக்குத் தெரியாமலே அவர் என்னிடம் வந்திருக்கிறார். "மன்னிச்சிடுங்க சார். அந்தச் சர்டிபிகேட் எனக்கு வேண்டாம்" என்றாள்.

நானும் அவளும் அந்தக் கணக்கை மீண்டும் போட்டோம். இருந்தபடியே, உண்மையை எழுதினால் 404. வேலூரில் இன்னும் 4 மாதம் பணிபுரிந்தால் அனுபவத்தில் 25 கூடும். ஆனால் இடையில் 30 வயது பிறந்துவிடும், அதனால் 5 குறையும். ஆக 424. பொய்யோடு 429, பொறுமையோடு 424. கணக்காசிரியனாகிய நான் அன்றுதான் அறிந்தேன்: என்னையும் அந்த மருத்துவரையும் அந்தத் தந்தையையும் சேர்த்து விலைபேசிய தொகை வெறும் 5 புள்ளி.

"நாலு மாசம் வேலை பார்க்கிறேன் சார். வார்டுல ஆள் குறைச்சல்தான்" என்றாள். ஆரணி மாப்பிள்ளையைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமையில்லை. ஆனால் போகும்போது அவளே திரும்பி நின்று, "அந்த 403ன்னு எழுதினது நான் இல்லீங்க சார், ஏஜெண்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.